பாரமும் பரிவும்

உத்ஸவ காலங்களில் எம்பெருமான் தன் ஆஸ்தானத்திலேயே இருந்துவிடுவதில்லை. வாஹனத்தில் எழுந்தருளித் திருவீதிக்குப் புறப்படுகிறான். கோயிலுக்கு நடந்து வர இயலாத முதியோர், நோயுற்றுக் கிடப்போர், அன்றாட உழைப்பினால் ஓய்வில்லாதோர் ஆகிய அனைவர்க்கும் அவரவர் வாசலிலேயே ஸேவை ஸாதிக்க வேண்டும் என்னும் திருவுள்ளமே புறப்பாட்டுக்குக் காரணம் என்று பெரியோர் கூறுவர். ஆகவே இருப்பிடம் விட்டுப் பெயர்தல் என்பது எம்பெருமானுக்குக் கருணையின் செயலாக இருக்கிறது. மனிதனுக்கோ அதே செயல் பெரும்பாலும் கோபத்தின் வேளையாக முடிகிறது. இந்த வேற்றுமை ஏன் உண்டாயிற்று என்று சிந்திப்பது திருவிழாவுக்கு வந்திருக்கும் ஆஸ்திக அன்பர்களுக்கு மிகவும் பயனுடையதாகும்.

கோபாலன் திருநாமத்தைத் தன் பெயரிலேயே தாங்கியிருப்பது சென்னை மாநகரின் கோபாலபுரம். பார்த்தஸாரதி எழுந்தருளியிருக்கும் திருவல்லிக்கேணியும், பேயாழ்வார் திருவவதாரம் செய்தருளிய மயிலாப்பூரும் அதற்கு அண்மையில் உள்ளன. வேணுகோபாலன் அங்குக் கோயில் கொண்டிருக்கிறான். முற்றமும் கிணறும் மாமரமுமாக விளங்கிய பழைய வீடுகள் பல இன்று இடிக்கப்பட்டு அடுக்குமாடிக் கட்டடங்களாக மாறிவருகின்றன. ஆதலால் நெடுங்காலம் ஒரே வீட்டில் குடியிருந்தவர்களும் வீடு மாற நேரிடுகிறது. அத்தகைய ஒரு குடும்பத்தை மனக்கண்ணால் காணலாம்.

மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டும். குடும்பத் தலைவர் விடியற்காலையில் எழுந்து நீராடித் திருமண்காப்புத் தரித்துத் திருவாராதனத்தைக் குறைவறச் செய்து முடிக்கிறார். எல்லாம் பெருமாள் பார்த்துக்கொள்வார் என்று சொல்லி ஸேவிக்கிறார். ஏழு மணிக்கு வருவதாகச் சொன்ன லாரி ஒன்பது மணிக்கு வருகிறது. சாமான் ஏற்றும் ஆட்களில் ஒருவன் கை தவறி ஊறுகாய் ஜாடியைப் போட்டு உடைத்துவிடுகிறான். அவ்வளவுதான். வீடே அதிரும்படி அவர் கத்துகிறார். மனைவி சமாதானம் சொல்ல வர, அவளுக்கும் ஏச்சு விழுகிறது. பரீக்ஷைக்குப் படிக்கும் பிள்ளை தன் புத்தகம் எந்தப் பெட்டியில் போயிற்று என்று கேட்க, அவனுக்கும் ஒரு சொல் கிடைக்கிறது. கட்டி வைத்த மூட்டைகளுக்கு நடுவே, தானும் ஒரு மூட்டை போல, எண்பது வயதைக் கடந்த தாயார் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். “பெருமாள் பெட்டி எங்கேடா வெச்சிருக்கே?” என்று மூன்றாம் முறையாக அவர் கேட்கிறார். பதில் சொல்வாரில்லை. காலையிலிருந்து அந்த அம்மாளுக்கு ஒரு வாய் காப்பி கொடுக்கவும் ஒருவருக்கும் நினைவில்லை.

விடியற்காலையில் பெருமாளிடம் சொன்ன சொல் ஒன்பது மணிக்கு எங்கே போயிற்று? நம்பிக்கை இருந்தும் பரிவு மட்டும் இல்லாமற் போயிற்றா? அல்லது பரிவு இல்லாமற் போனதனால், இருந்தது நம்பிக்கையே அன்று என்று கொள்ள வேண்டுமா? இதுவே ஆராயத் தக்க கேள்வி. நம்பிக்கை வேறு, நற்குணம் வேறு என்றே பலரும் எண்ணியிருக்கிறார்கள். பெருமாளிடம் நம்பிக்கை வைப்பது பூஜை அறைக்குரியது என்றும், பிறரிடம் இன்சொல் பேசுவது அவரவர் சுபாவத்தைப் பொறுத்தது என்றும் அவர்கள் நினைக்கிறார்கள். நம் ஸம்ப்ரதாயம் அவ்வாறு கூறவில்லை.

கோபர்கள் காட்டிய முறை

குடும்பத்தோடு வீடு மாறியவர்களின் சரித்திரம் ஒன்று ஸ்ரீமத் பாகவதம் தசம ஸ்கந்தத்திலேயே இருக்கிறது. அதுவும் கோபாலனுடைய குடும்பத்தின் சரித்திரம். பூதனை வந்தாள், வண்டி வடிவில் சகடாஸுரன் வந்தான், சுழற்காற்றாய்த் த்ருணாவர்த்தன் வந்தான், மருத மரங்கள் இரண்டு வேரோடு சாய்ந்தன. இத்தனை உத்பாதங்களையும் கண்ட நந்தகோபரும் மற்றைய ஆயர்களும் கூடி ஆலோசித்தார்கள். வயதிலும் அறிவிலும் மூத்தவரான உபநந்தர், பசுக்களுக்குப் புல்லும் நீரும் நிறைந்த ப்ருந்தாவனத்துக்கு அன்றே புறப்படலாம் என்றார். எல்லோரும் ஒருமனதாக இசைந்தார்கள்.

அவர்கள் வண்டியில் ஏற்றிய வரிசையைப் பாகவதம் விட்டுவிடாமல் சொல்கிறது. முதலில் முதியவர்கள், பிறகு குழந்தைகள், பிறகு பெண்கள், கடைசியில்தான் வீட்டுச் சாமான்கள். பசுக்களை முன்னே ஓட்டி, அவற்றின் நடைக்கு ஏற்ப வண்டிகள் பின்னே சென்றன. வில்லேந்திய ஆயர்கள் காவலாக நடந்தார்கள். புரோஹிதர்களும் உடன் சென்றார்கள். கோபிகைகள் கண்ணனுடைய லீலைகளைப் பாடிக்கொண்டே போனார்கள். யசோதையும் ரோஹிணியும் ஒரே வண்டியில் தம் குழந்தைகளோடு அமர்ந்து, அந்தக் கதைகளைக் கேட்பதில் ஆவலுடையவர்களாய் வழி கடந்தார்கள். ப்ருந்தாவனம் சேர்ந்ததும் வண்டிகளைப் பிறைச்சந்திரன் வடிவில் நிறுத்தி அதனுள்ளே குடியமர்ந்தார்கள்.

ஊரையே காலி செய்து போகிறவர்கள் இவர்கள். பின்னே உத்பாதம், முன்னே முன்பு வாழ்ந்தறியாத காடு. இருந்தும் ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுந்ததாக ஒரு சொல் அங்கே இல்லை. பாட்டு இருக்கிறது. முதியவர் பேச்சுக்கு மதிப்பு இருக்கிறது. வாயில்லாப் பசுவின் நடைக்கு வண்டி காத்திருக்கிறது. ஆயர்கள் சாஸ்த்ரம் கற்றவர்கள் அல்லர். அவர்களுக்கு இந்த நிதானம் எங்கிருந்து வந்தது? கண்ணன் அந்த வண்டியில் இருந்தான் என்பதே விடை. அவன் பரமாத்மா என்று அவர்கள் அறிந்திருக்கவில்லை. ஆயினும் அவனிடத்து வைத்த அன்பினால் அவர்கள் மனம் நிரம்பியிருந்தது. நிரம்பிய குடம் ததும்பாது. கடுஞ்சொல் பிறப்பது காலி மனத்தில்தான்.

வில்லும் மதிலும்

இங்கே ஓர் ஐயம் எழலாம். பெருமாளே கூட இருக்கும்போது வில்லேந்திய காவலர் எதற்கு? நம்பிக்கையுள்ளவன் முயற்சி செய்யலாமா? மூட்டை கட்டுவதும், கயிறு இறுக்குவதும், லாரிக்காரரிடம் நாள் குறிப்பதும் நம்பிக்கைக் குறைவைக் காட்டுவன அல்லவா?

அல்ல என்பதற்கு ஸ்ரீரங்கத்தின் சரித்திரமே சான்று. 1323-ம் ஆண்டில் டெல்லி ஸுல்தானின் படை திருவரங்கத்தின் மேல் வந்தபோது, வைஷ்ணவர்களின் வீடாகிய கோயிலே இடம் பெயர வேண்டியதாயிற்று. மூலவராகிய பெரிய பெருமாளை மறைக்கக் கர்ப்பக்ருஹத்தின் முன்னே சுவர் எழுப்பினார்கள். உத்ஸவரையும் நாய்ச்சியாரையும் எழுந்தருளப் பண்ணிக்கொண்டு, முதுமையின் எல்லையை எட்டியிருந்த பிள்ளை லோகாசார்யர் அடியார் சிலரோடு தெற்கு நோக்கிப் புறப்பட்டார். ப்ரபத்தியின் பொருளை உலகுக்கு விரித்துரைத்த ஆசார்யர் அவர். பெருமாள் பார்த்துக்கொள்வார் என்று அவர் கைகட்டி இருந்துவிடவில்லை. சுவர் கட்ட வேண்டிய இடத்தில் சுவர் கட்டப்பட்டது. நடக்க வேண்டிய வேளையில் அவர் நடந்தார். முயற்சியைக் கைவிடுவது நம்பிக்கை ஆகாது. முயற்சியின் பலனைத் தன் தலையில் சுமக்காமல் இருப்பதே நம்பிக்கை.

அதே வேளையில் ஸ்வாமி வேதாந்த தேசிகன் செய்தருளியதை நினைத்தால் நெஞ்சு உருகும். ஸ்ரீபாஷ்யத்துக்கு ச்ருதப்ரகாசிகை என்னும் வ்யாக்யானம் அருளிய ஸுதர்சன ஸூரி அக்காலத்தில் திருவரங்கத்தில் இருந்தார். அவர் தம் நூலின் சுவடிகளையும் தம் இரு புதல்வர்களையும் தேசிகனிடம் ஒப்படைத்தார். கொலை நிகழ்ந்த இடத்தில், மாண்டவர்களின் உடல்களுக்கு நடுவே மறைந்திருந்து, இரவில் தப்பி, கர்நாடக தேசத்து ஸத்யாகாலம் வரை அவர் சென்றதாகக் குருபரம்பரை வழக்கு கூறும். அங்கிருந்து, ஸ்ரீரங்கம் மீண்டும் அச்சமின்றி வாழ வேண்டும் என்று வேண்டி அபீதிஸ்தவம் அருளினார்.

அந்த இரவில் அவர் கையில் எடுத்துச் சென்றது எது என்று கேட்க வேண்டும். பிறர் எழுதிய நூல். பிறர் பெற்ற பிள்ளைகள். தாமும் பல நூல்கள் இயற்றிய ஒரு மஹாவித்வான், உயிருக்கே அபாயமான நேரத்தில், பிறருடைய பாரத்தைத் தம்முடையதாக ஏற்றார். அதற்கு அவருக்குக் கை எப்படிக் காலியாக இருந்தது? தம் பாரத்தை அவர் முன்னமே எம்பெருமான் திருவடியில் வைத்துவிட்டார். தன் மூட்டையை இறக்கி வைத்தவன் கைதான் பிறர் மூட்டைக்கு உதவும். இறக்காதவன் கை எப்போதும் நிறைந்தே இருக்கும். அவனுக்குத் தாயாரின் கேள்வியும் அதிகச் சுமை; குழந்தையின் அழுகையும் அதிகச் சுமை; கூலியாளின் களைப்பும் அதிகச் சுமை. ஆகவே வீடு மாறும் நாளில் வாயில் வரும் கடுஞ்சொல் ஓர் அடையாளம். பாரம் இன்னும் தலையிலேயே இருக்கிறது என்பதை அது காட்டிக்கொடுக்கிறது.

அங்கங்களில் முதலாவது

சரணாகதிக்கு அங்கங்கள் ஐந்து என்று ஆசார்யர்கள் வகுத்துள்ளனர். ஆநுகூல்ய ஸங்கல்பம், ப்ராதிகூல்ய வர்ஜனம், கார்ப்பண்யம், மஹாவிச்வாஸம், கோப்த்ருத்வ வரணம் என்பன அவை. உகப்பானதைச் செய்வதென்னும் உறுதி, வெறுப்பானதை விடுதல், தன் இயலாமையை உணர்தல், காப்பான் என்னும் பெருநம்பிக்கை, காத்தருள வேண்டும் என்று வேண்டுதல் என்பது அவற்றின் பொருள். இவற்றில் எல்லோரும் நினைவு வைத்திருப்பது மஹாவிச்வாஸத்தையே. முதலில் நிற்பதோ ஆநுகூல்ய ஸங்கல்பம்.

ஆநுகூல்யம் என்பது எம்பெருமானுக்கு மட்டும் உகந்ததைச் செய்வது என்று தோன்றலாம். பாஞ்சராத்ரத்தைச் சேர்ந்த லக்ஷ்மீதந்த்ரம் அதை எல்லா உயிர்களிடத்தும் இணக்கமாய் இருத்தல் என்றே விளக்குகிறது. எம்பெருமான் எல்லாப் பொருளிலும் அந்தர்யாமியாய் உறைகிறான். ஆகையால் எவ்வுயிரையும் வருத்தாதிருப்பதே அவனுக்கு உகந்ததைச் செய்வதாகும் என்பது இதன் கருத்து. நம்பிக்கையும் பரிவும் தனித்தனி வழிகள் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. ஒரே சரணாகதியின் அங்கங்களாக அவை ஒரே வரிசையில் நிற்கின்றன. ஒரு கையால் பெருமாளின் திருவடியைப் பற்றிக்கொண்டு, மறு கையால் அவன் உறையும் இன்னோர் உயிரைத் தள்ளுவது எப்படிப் பொருந்தும்?

கார்ப்பண்யமும் இங்கே நினைக்கத் தக்கது. தன்னால் எல்லாம் ஆகும் என்று எண்ணுகிறவனுக்குத்தான், ஒன்று தவறும்போது கோபம் வருகிறது. லாரி தாமதமாவதும், மழை பெய்வதும், சாவி காணாமற் போவதும் தன் வசத்தில் இல்லை என்று முன்னமே ஒப்புக்கொண்டவன் திகைப்பான், வருந்துவான்; ஆனால் வெகுள மாட்டான். தன் இயலாமையை அறிந்தவனுக்குப் பிறருடைய இயலாமையையும் பொறுத்துக்கொள்ளத் தெரியும். கை தவறி ஜாடியை உடைத்தவனும் கார்ப்பண்யம் உடைய ஒரு ஜீவனே.

தேரோட்டியின் தயை

திருவல்லிக்கேணிக்குச் செல்லும் அன்பர்கள் அங்கு எம்பெருமானை எந்தக் கோலத்தில் ஸேவிக்கிறார்கள்? மூலவர் வேங்கடக்ருஷ்ணன் ருக்மிணிப் பிராட்டி, தமையன் பலராமன், தம்பி ஸாத்யகி, மகன் ப்ரத்யும்னன், பேரன் அநிருத்தன் ஆகியோரோடு குடும்பமாக நிற்கிறான். உத்ஸவர் பார்த்தஸாரதியோ, அர்ஜுனனுக்காகத் தான் ஏற்ற அம்புகளின் வடுக்களைத் திருமுகத்தில் தாங்கியிருக்கிறான். ஸாரதி என்றால் தேரோட்டி. மூவுலகுக்கும் நாதன் பிறருடைய வண்டியை ஓட்டும் வேலையை விரும்பி ஏற்றான். வண்டியில் இருந்தவனுக்கு வந்த அடியை ஓட்டியவன் ஏற்றான்.

மஹாபாரதத்தில் துரோண பர்வம். போரின் பதினான்காம் நாள். ஸூரியன் மறைவதற்குள் ஜயத்ரதனைக் கொல்வேன், இல்லையேல் தீயில் புகுவேன் என்று அர்ஜுனன் சபதம் செய்திருக்கிறான். வழியெல்லாம் பகைவர் சேனை. ஒவ்வொரு கணமும் விலையுயர்ந்தது. அந்த நேரத்தில் தேர்க் குதிரைகள் அம்பு பட்டுக் களைத்துவிட்டன. அவற்றை அடித்து விரட்டியிருக்கலாம். கண்ணன் அவ்வாறு செய்யவில்லை. போர்க்களத்தின் நடுவிலேயே குதிரைகளை அவிழ்த்துவிட்டான். அர்ஜுனன் அம்பினால் நிலத்தைப் பிளந்து நீர்நிலை உண்டாக்கினான். கண்ணன் தன் கையாலேயே அவற்றின் உடலில் தைத்த அம்புகளைப் பிடுங்கி, தேய்த்துவிட்டு, தண்ணீர் காட்டி, இரை கொடுத்து, களைப்பு நீங்கிய பிறகே மீண்டும் பூட்டினான். பொழுது சாய்வதற்கு முன் காரியமும் முடிந்தது.

அவசரம் என்பதே கடுமைக்குக் காரணம் என்று சொல்வாருக்கு இதுவே மறுமொழி. உயிரே பணயமாக இருந்த ஒரு பகலில் குதிரைக்குத் தண்ணீர் காட்ட அவனுக்கு நேரம் இருந்தது. வாசலில் நிற்கும் லாரியின் ஓட்டுனரும், முதுகில் பீரோவைச் சுமந்து மாடிப்படி ஏறும் தொழிலாளியும் ஒரு செம்பு மோரைக் குடித்து மூச்சு வாங்கிக்கொள்வதற்கு நேரம் இல்லையென்று எந்த வைஷ்ணவன் சொல்ல இயலும்? பார்த்தஸாரதியைக் கைகூப்பி வணங்கிவிட்டு, தன் சாமானை ஏற்றி வந்த ஸாரதியை ஒருமையில் ஏசுவது என்ன பக்தி?

உடையாமல் சேர்வதா நம்பிக்கை?

இவ்வளவும் சொன்ன பிறகு, கடினமான கேள்வி ஒன்று மிஞ்சுகிறது. நம்பினவர்களுக்கு எல்லாம் நன்றாக முடிகிறதா? நம்பி வீடு மாறியவர்களின் பாத்திரமும் நசுங்குகிறது. புது வீட்டில் தண்ணீர் வருவதில்லை. முதியவர் சிலர் புது இடத்தில் மனம் ஒட்டாமல் வாடிப்போகிறார்கள். இதை மறைப்பதில் பயனில்லை.

பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பி வரவில்லை. மதுரைக்கு அருகில் ஜ்யோதிஷ்குடி என்னும் இடத்திலேயே அவர் திருநாட்டுக்கு எழுந்தருளினார். அரங்கன் அங்கிருந்து அழகர் மலை, கோழிக்கோடு, திருநாராயணபுரம், திருமலை, செஞ்சி என்று இடம் இடமாக எழுந்தருளியிருந்து, விஜயநகரத்தின் கோபணார்யர் முயற்சியால் 1371-ம் ஆண்டில்தான் திருவரங்கம் சேர்ந்தான். நாற்பத்தெட்டு ஆண்டுகள். புறப்பட்டபோது உடன் சென்றவர்களில் பெரும்பாலோர் திரும்பியதைக் காண உயிரோடு இல்லை. ஆசார்யருடைய நம்பிக்கை பொய்த்ததா? இல்லை. அவர் நம்பியது, தான் சுகமாகத் திரும்புவேன் என்பதை அன்று. பெருமாள் தன் திருவுள்ளப்படி செய்வான் என்பதையே. சாமான் உடையாமல் சேரும் என்பது நம்பிக்கை அன்று, அது எதிர்பார்ப்பு. எதிர்பார்ப்பு உடைந்தால் கோபம் வரும். நம்பிக்கைக்கு உடைவதற்கு ஒன்றும் இல்லை.

அரங்கன் திரும்பிய நாளில் நிகழ்ந்ததாக ஒன்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. நெடுங்காலம் கழிந்துவிட்டதால், எழுந்தருளியிருப்பவர் முன்பிருந்த உத்ஸவர்தாமா என்று அறிய ஊரில் ஒருவருக்கும் இயலவில்லை. பெருமாளின் திருப்பரிவட்டங்களை வெளுத்துவந்த ஈரங்கொல்லி ஒருவர் மட்டும் தள்ளாத வயதில், கண்ணும் தெரியாமல், எஞ்சியிருந்தார். திருமஞ்சனம் செய்த ஈரவாடை தீர்த்தத்தை வாயிலிட்டுச் சுவைத்த அவர், இவர் நம் பெருமாளே என்று கூவினார். அரங்கனுக்கு நம்பெருமாள் என்னும் திருநாமம் அவ்வாறு வாய்த்தது என்பர். ஆசார்யர்களும் அரசர்களும் அறிய இயலாததை, ஒரு மூலையில் மறக்கப்பட்டிருந்த முதியவர் அறிந்து சொன்னார். மூட்டைகளுக்கு நடுவே மறக்கப்பட்டு அமர்ந்திருக்கும் தாயாரை இந்த இடத்தில் நினைக்க வேண்டும். பெருமாள் பெட்டி எங்கே என்று கேட்ட ஒருவர் அந்த வீட்டில் அவர்தாம்.

பெருமாளை விட்டுச் செல்வதா?

கோபாலபுரம் போன்ற இடத்தை விட்டுத் தொலைவிலுள்ள புறநகருக்குச் செல்கிறவர்களுக்கு வேறொரு துயரமும் உண்டு. தினந்தோறும் ஸேவித்த ஸந்நிதியை விட்டுப் போகிறோமே என்னும் ஏக்கம் அது. அதற்கு ஆறுதலாகத் திருமழிசையாழ்வாரின் சரித்திரம் இருக்கிறது. சீடராகிய கணிகண்ணனைப் பல்லவ அரசன் காஞ்சியை விட்டுப் போகுமாறு கட்டளையிட்டான். சீடன் போகும் ஊரில் தமக்கு என்ன வேலை என்று ஆழ்வாரும் புறப்பட்டார். ஆழ்வார் சொன்ன சொல்லுக்கு இசைந்து, திருவெஃகாவில் பள்ளிகொண்ட பெருமானும் தன் அரவணையைச் சுருட்டிக்கொண்டு பின்னே நடந்தான். அரசன் தவறுணர்ந்து வேண்டிய பிறகே மூவரும் திரும்பினர். சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்னும் திருநாமம் இதனால் உண்டாயிற்று. படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வீடு மாறத் தெரிந்த பெருமாளை ஒருவர் எங்கே விட்டுச் செல்ல இயலும்? அவனுக்கு வழித்துணையாவது கோயிலாழ்வார்ப் பெட்டி மட்டும் அன்று. சீடனுக்காக ஆசார்யனும், ஆசார்யனுக்காகப் பெருமாளும் புறப்பட்ட அந்தப் பரிவே அவனை அழைத்துச் சென்றது. பரிவு போகும் வீட்டுக்கு அவன் முன்னமே போயிருப்பான்.

இந்த நகரமும் இதைக் கண்டிருக்கிறது. 1942 ஏப்ரல் 5-ந் தேதி கொழும்பிலும் மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடாவிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது, சென்னையில் இன்றியமையாத பணியில்லாதோர் வெளியேறுமாறு அரசாங்கம் கூறியது. கையில் எடுத்ததோடு மக்கள் திரள்திரளாக ரயிலேறினார்கள். 2015 டிசம்பரில் அடையாறு கரை கடந்து வீடுகளில் புகுந்தபோது, முன்பின் அறியாதவர்களுக்குத் தம் வீட்டு மாடியைத் திறந்துவிட்டவர்கள் இந்நகரில் பலர். கோயில்களும் மசூதிகளும் மாதாகோயில்களும் கல்யாண மண்டபங்களும் புகலிடமாயின. எல்லாம் போய்விட்ட நாளில் மனிதனுக்கு இயல்பாக வரும் பரிவு, எல்லாச் சாமானும் லாரியில் பத்திரமாக இருக்கும் நாளில் வராமற் போவது விந்தை. பொருளின் மேல் கை இறுகும்போது மனமும் உடன் இறுகுகிறது என்பதே இதிலிருந்து அறியத் தக்கது.

இனி, முன்னே கண்ட கோபாலபுரத்து வீட்டுக்குத் திரும்பலாம். அதே வீடு, அதே நாள். லாரி அதே போல் இரண்டு மணி நேரம் தாமதிக்கிறது. ஜாடியும் உடைகிறது. ஆனால் அந்தத் தலைவர் கோபர்களின் வரிசையைக் கைக்கொண்டிருக்கிறார். முதலில் தாயாருக்குக் காப்பி. பெருமாள் பெட்டி அவர் மடியருகிலேயே இருக்கிறது. புது வீட்டுக்கு முதலில் செல்வதும் அவரே. உடைந்த ஓட்டில் கை வெட்டிக்கொள்ளாதே அப்பா என்று அந்த ஆளிடம் ஒரு சொல். பிள்ளையின் புத்தகம் தனிப்பையில். துளசி மாடத்துச் செடி ஈரத் துணியில் சுற்றப்பட்டிருக்கிறது. நெடுநாள் வேலை செய்த அம்மாளுக்குச் சேர வேண்டிய சம்பளமும், ஒரு புடவையும், புது வீட்டின் விலாசமும். காலி செய்த வீட்டைப் பெருக்கித் துடைத்து, வாசலில் ஒரு கோலமும் போட்டுவிட்டுப் புறப்படுகிறார்கள். மாலையில் புது வீட்டில் பால் காய்ச்சும்போது, சாமான் இறக்கிய ஆட்களுக்கும் ஆளுக்கொரு டம்ளர் கிடைக்கிறது. இதில் எதற்கும் பணம் பெரிதாகச் செலவாவதில்லை. பாரத்தை விடியற்காலையிலேயே உண்மையாக இறக்கி வைத்தால் போதும்.

திருவீதியில் எம்பெருமான் எழுந்தருளும்போது ஸ்ரீபாதந்தாங்கிகளைச் சற்று உற்று நோக்க வேண்டும். தோளில் இருக்கும் பாரம் அவர்களுடையது அன்று, எம்பெருமானுடையது. ஆயினும் தோள் அவர்களுடையது. ஒருவர் அவசரப்பட்டு முன்னே இழுத்தால் அடுத்தவர் தோள் நசுங்கும், பெருமாளும் அசைவார். ஆகையால் ஒவ்வொருவரும் பக்கத்திலிருப்பவரின் காலடியைப் பார்த்தே தன் காலை வைக்கிறார். நம்பிக்கையும் பரிவும் ஒரே தோளில் ஒன்றாக இருப்பதை அங்கே கண்ணால் காணலாம். அந்த நடையை ஸேவித்து வீடு திரும்பும் அன்பர்கள், தங்கள் வீட்டுப் பாரத்தையும் அவ்வாறே சுமக்கும்படி வேணுகோபாலன் அநுக்ரஹிப்பானாக.

ஸர்வே ஜனா: ஸுகினோ பவந்து.